அனாமத்துக் கணக்கு

டிரயல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

பி.காம். படித்த யாரை நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். முதலில் கூட்டலைச் சரி பார். பிறகு லெட்ஜரைப் பார். பிறகு வவுச்சர். அப்போதும் எங்கே உதைக்கிறதென்று தெரியவில்லையா? இடிக்கிற தொகையைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்ட்டில் போட்டுவிட்டு வேலையைப் பார். தப்பு என்றைக்குக் கண்ணில் படுகிறதோ, அன்றைக்கு அதைச் சரி செய்து அந்தக் கணக்கை மூடு.

எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் இதை அனாமத்து என்றுதான் சொல்வார். அவர் அப்பா மளிகை மொத்த வியாபாரி. வீட்டில் புழங்கிய சொல். "அனாமத்து ஒரு வருஷம் இருந்தா கணக்குப்பிள்ளைக்குத் தெரியாம நடந்த தப்பு. அஞ்சு வருஷம் இருந்தா அவனுக்குத் தெரிஞ்சே நடந்த தப்பு" என்பார். நாங்கள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டோம். பரீட்சைக்கு வரவில்லை.

அது 1998. என் அறை நண்பன் ஒருவன் எங்கிருந்தோ ஒரு கேசட் பதிவு செய்துகொண்டு வந்தான். ஏ பக்கம் ஒரு குரல், பி பக்கம் ஒரு குரல். ராப். தாளத்துக்கு மேலே மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போகிற சங்கீதம். நூற்றில் பத்து வார்த்தை புரிந்திருந்தால் அதிகம். ஆனால் ஏ பக்கத்து ஆசாமிக்கு யார் மீதோ தீராத கோபம் இருப்பதும், பி பக்கத்து ஆசாமி சாவகாசமாக நாற்காலியில் சாய்ந்துகொண்டு கதை சொல்வதும் புரிந்தது. யாருடா இவங்க என்றேன்.

"ஏ பக்கம் டூபாக். பி பக்கம் பிக்கி. ரெண்டு பேரையும் சுட்டுட்டாங்க."

"யாரு?"

"அதான் தெரியாது."

டூபாக் ஷகூருக்குச் சாகும்போது 25 வயது. நொடோரியஸ் பி.ஐ.ஜி. என்றும் பிக்கி என்றும் பெயரெடுத்த கிறிஸ்டோபர் வாலஸுக்கு 24. இரண்டு கொலைக்கும் இடையில் ஆறு மாதம்கூடச் சரியாக ஆகவில்லை. இரண்டுமே நட்ட நடு ரோட்டில், விளக்கு வெளிச்சத்தில், முன்னும் பின்னும் கார்களில் நண்பர்களும் காவலர்களும் இருக்க நடந்தவை. காட்டுக்குள்ளே கிடந்த பிணம் இல்லை, ஐயா. உலகத்திலேயே அதிகக் காசும் கருவியும் வைத்திருக்கிற தேசத்தின் இரண்டு பெரிய நகரங்களில், பெரிய சாலைகளில்.

அப்படியும் தெரியாது என்றால், அது என்ன வகைத் தெரியாது? இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சங்கீதம் அல்ல.

முதலில் பையன்களைப் பற்றிக் கொஞ்சம்.

டூபாக்கின் அம்மா அஃபெனி ஷகூர், கறுப்பர்களின் உரிமைக்காகத் துப்பாக்கியும் கையுமாக நின்ற பிளாக் பேந்தர் கட்சிக்காரர். நியூயார்க்கில் குண்டு வைக்கச் சதி செய்ததாக 21 பேர் மீது போட்ட வழக்கில் அவரும் குற்றம் சாட்டப்பட்டவர். வயிற்றில் பிள்ளையோடு, வக்கீல் வைத்துக்கொள்ளாமல் தானே வாதாடினார். 1971 மே மாதம் விடுதலை. ஜூனில் பிரசவம். பிள்ளைக்கு, ஸ்பானியரை எதிர்த்து நின்று செத்த ஓர் இன்கா தலைவனின் பெயர். போலீஸ் மேல் கோபம் அவனுக்குத் தாய்ப்பாலுக்கு முன்பே கிடைத்துவிட்டது.

பிக்கியின் அம்மா வொலெட்டா வாலஸ் வேறு ரகம். ஜமைக்காவிலிருந்து வந்து புரூக்ளினில் பாலர் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தவர். ஒற்றை ஆளாக ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவர். பையன் தெருமுனையில் போதைப் பொருள் விற்கிறான் என்பதே அவருக்குத் தெரியாது. அவன் கட்டிலுக்கடியில் ஒரு தட்டில் என்னவோ காய்ந்துபோய்க் கிடக்க, உருளைக்கிழங்கு மசியலாக்கும் என்று குப்பையில் போட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டார். பல ஆயிரம் டாலர் சரக்கு. அவரே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது.

பையன்கள் இருவரும் முதலில் நண்பர்கள்தாம். 1994 நவம்பர் 30 இரவு, நியூயார்க்கில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தின் கீழ்த்தளத்தில் டூபாக்கைச் சுட்டுக் கொள்ளையடித்தார்கள். பிழைத்துவிட்டார். மாடியில் பிக்கி இருந்தார். அவருக்கு முன்பே தெரியும் என்று டூபாக் முடிவு கட்டினார். பிக்கி கடைசிவரை மறுத்தார். அதோடு நட்பு காலி. கொஞ்ச நாளில் வேறொரு வழக்கில் டூபாக் சிறைக்குப் போக, 1995 அக்டோபரில் 14 லட்சம் டாலர் ஜாமீன் ஏற்பாடு செய்து வெளியே கொண்டுவந்தவர் ஷுக் நைட். கலிபோர்னியாவின் டெத் ரோ இசைக் கம்பெனி முதலாளி. ஆறடிக்கு மேல் உயரம், முன்னாள் கால்பந்து வீரர். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து 'பிளட்ஸ்' தாதா கும்பலோடு நெருக்கம். ஜாமீனுக்கு ஈடாக டூபாக் கையெழுத்துப் போட்டது அவருடைய கம்பெனிக்கு. பத்திரிகைகள் இதை மேற்குக் கரைக்கும் கிழக்குக் கரைக்கும் யுத்தம் என்று எழுதிச் சம்பாதித்தன. நம் தொழில். என்னத்தைச் சொல்ல.

1996 செப்டம்பர் 7, லாஸ் வேகாஸ். மைக் டைசன் குத்துச்சண்டை. எதிராளி 109 விநாடியில் விழுந்துவிட்டார். பார்த்துவிட்டு வெளியே வந்த டூபாக், ஹோட்டல் லாபியில் ஆர்லாண்டோ ஆண்டர்சன் என்ற இளைஞனைக் கண்டதும் பாய்ந்தார். எதிர்க் கும்பலான 'கிரிப்ஸ்' ஆள். அதற்குச் சில மாதம் முன்பு டெத் ரோ ஆள் ஒருவனின் கழுத்துச் சங்கிலியைப் பறித்த கூட்டத்தில் அவனும் இருந்தான் என்பது புகார். டூபாக்கும் ஷுக் நைட்டும் பரிவாரங்களும் சேர்ந்து மிதித்தது முழுக்க ஹோட்டல் கேமராவில் பதிவாகியிருக்கிறது.

இரவு 11 மணி சுமாருக்கு, பாட்டுச் சத்தம் அதிகம், நம்பர் பிளேட் இல்லை என்று இவர்கள் காரைப் போலீஸ் நிறுத்துகிறது. அபராதம்கூட இல்லாமல் அனுப்பி வைக்கிறது. அடுத்த கால் மணியில் ஃபிளமிங்கோ சாலையும் கோவல் லேனும் சந்திக்கிற சிக்னலில், வலது பக்கமாக ஒரு வெள்ளை கேடிலாக் வந்து நிற்கிறது. டூபாக் உடம்பில் நான்கு குண்டு. ஓட்டிக்கொண்டிருந்த ஷுக் நைட்டுக்குத் தலையில் சிராய்ப்பு. ஆறு நாள் கழித்து, 13ஆம் தேதி டூபாக் இறந்தார். முதலில் அங்கே போய்ச் சேர்ந்த போலீஸ்காரர், யார் சுட்டது என்று குனிந்து கேட்டதற்கு டூபாக் ஒரு கெட்ட வார்த்தையைத்தான் பதிலாகச் சொன்னார் என்று 2014இல் தெரிவித்தார். சாகிற நேரத்திலும் போலீஸிடம் பேசக் கூடாது. அது அந்தத் தெருவின் சட்டம்.

கூட வந்தவர்களும் அதே சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பின்னால் வந்த காரில் இருந்த ஒரே ஒரு பையன், டூபாக்கின் பாட்டுக் குழுவைச் சேர்ந்த யாஃபு ஃபூலா, சுட்டவனை அடையாளம் காட்ட முடியலாம் என்று சொன்னான். வேகாஸ் போலீஸ் மேற்கொண்டு அவனை உட்காரவைத்துப் பேசுவதற்குள் நவம்பரில் அவனையும் நியூஜெர்சியில் சுட்டுவிட்டார்கள். வயது 19. ஆண்டர்சன், எனக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். என்னை அடித்தார்கள் என்று டூபாக் சொத்தின் மேல் நஷ்ட ஈட்டு வழக்கும் போட்டார். 1998 மே மாதம் காம்டன் நகரில் வேறொரு தகராறில் சுடப்பட்டு அவரும் போய்ச் சேர்ந்தார்.

இடைச்செருகலாக ஒரு கணக்கு விவகாரம். டூபாக் இறந்த பிறகு, அவருடைய பாட்டு கோடிகளில் விற்றுக்கொண்டிருந்தபோதே, டூபாக்தான் எங்களுக்குக் கடன்பட்டிருக்கிறார் என்று டெத் ரோ கம்பெனி கணக்குக் காட்டியது. கார், நகை, செலவு என்று எல்லாவற்றையும் பற்று எழுதி வைத்திருந்தார்கள். அம்மா கோர்ட்டுக்குப் போனார். இந்த ரகக் கணக்கு எழுதுகிறவர்கள் எல்லாம் எந்தக் காலேஜில் படித்திருப்பார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

சரி, இரண்டாவது கொலைக்கு வருவோம். விவகாரமே இங்கேதான்.

1997 மார்ச் 9. லாஸ் ஏஞ்சல்ஸில் பீட்டர்சன் மோட்டார் வாகன அருங்காட்சியகத்தில் ஒரு விருந்து. கூட்டம் தாங்காமல் தீயணைப்புத் துறை வந்து கலைத்தது. பிக்கி கிளம்பினார். அருங்காட்சியகத்தைத் தாண்டி முதல் சிக்னலில் சிவப்பு. பக்கத்தில் கறுப்பு நிற செவர்லே இம்பாலா ஒன்று. ஓட்டியவர் கோட்டும் போ டையும் அணிந்திருந்தார் என்கிறார்கள். சன்னலுக்கு வெளியே கை நீண்டது. நான்கு குண்டு. ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பயனில்லை. பிக்கியின் பின்னால் வந்த பாதுகாப்பு வண்டியில் பக்கத்து ஊரான இங்கிள்வுட்டின் போலீஸ்காரர் ஒருவர் ஓய்வு நேர வேலையாக உட்கார்ந்திருந்தார். போலீஸ் கண்ணெதிரே என்பதை இதற்கு மேல் எப்படிச் சொல்வது? பதினாறு நாள் கழித்து பிக்கியின் அடுத்த ஆல்பம் வெளியானது. பெயர், 'லைஃப் ஆஃப்டர் டெத்.' அவர் உயிரோடு இருக்கும்போதே வைத்த தலைப்பு.

ஒன்பது நாள் போயிற்று. மார்ச் 18. அதே நகரத்தில் ஒரு சிக்னல் தகராறு. இரண்டு கார்க்காரர்கள் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் துப்பாக்கியை நீட்டுகிறார். மற்றவர் சுட்டுவிடுகிறார். பார்த்தால் இருவருமே போலீஸ்! சுட்டவர் மாறுவேடத்தில் இருந்த துப்பறியும் அதிகாரி ஃபிராங்க் லைகா. செத்தவர் பணி நேரம் முடிந்து போய்க்கொண்டிருந்த கெவின் கெயின்ஸ். சினிமாவில் வைத்தால் லாஜிக் இல்லை என்போம்.

விசாரிக்க வந்தவர் ரஸ்ஸல் பூல். கொள்ளை, கொலைப் பிரிவில் நல்ல பெயர் எடுத்தவர். கெயின்ஸ் ஓட்டிய காரின் பூர்வோத்திரத்தை நோண்டினார். ஷுக் நைட்டைப் பிரிந்து வாழ்ந்த மனைவியின் வீட்டில் போய் நின்றது. போலீஸ்காரருக்கு அந்த வீட்டில் என்ன ஜோலி? கெயின்ஸும் அந்தப் பெண்மணியும் நெருக்கம். இன்னும் தோண்டினால், லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸில் வேறு சிலரும் ஓய்வு நேரத்தில் டெத் ரோ கம்பெனிக்குக் காவல் வேலை பார்ப்பது தெரிந்தது. பகலில் சர்க்கார் சம்பளம், ராத்திரி தாதா சம்பளம். அடுத்த மாதமே பிக்கி கொலைக் கேஸும் பூல் மேஜைக்கு வந்தது.

அப்புறம் நவம்பர் 6. பேங்க் ஆஃப் அமெரிக்காவின் கிளை ஒன்றில் கொள்ளை. 7,22,000 டாலர். அன்றைக்கு மட்டும் தேவைக்கு மேல் ரொக்கம் வரவழைத்து வைத்திருந்தது உதவி மேனேஜர். அந்தப் பெண்ணைப் பிடித்து உலுக்க, காதலன் பெயர் வந்தது. டேவிட் மேக். தேசிய அளவில் 800 மீட்டர் ஓடியவர். பணி, லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ். பணம் எங்கே என்று கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. 14 வருடம் 3 மாதம் தண்டனை. அவர் வீட்டிலே ஒரு கறுப்பு இம்பாலா நின்றது. டூபாக் படங்கள் மாட்டியிருந்தன. பூலுக்கு மண்டைக்குள் மணி அடித்தது.

மேக்கின் பழைய ஜோடி, ரஃபேல் பெரெஸ். வங்கிக் கொள்ளை நடந்த இரண்டாம் நாள் மேக்கோடு லாஸ் வேகாஸ் போய்க் காசை இறைத்தவர்களில் ஒருவர். ராம்பார்ட் பகுதியின் கும்பல் ஒழிப்புப் பிரிவில் வேலை. 1998இல் போலீஸின் சொந்தச் சாட்சியப் பொருள் அறையிலிருந்து சுமார் இரண்டே முக்கால் கிலோ கொக்கெய்ன் காணாமல் போக, அகப்பட்டவர் இவர். தண்டனையைக் குறைத்துக்கொள்ள 1999இல் வாயைத் திறந்தார் பாருங்கள், மூட முடியவில்லை. 70 போலீஸ்காரர்கள் வரை மாட்டிவிட்டார். ஆளைச் சுட்டுவிட்டுப் பக்கத்தில் துப்பாக்கியைப் போடுவது. பொய் வாக்குமூலம் எழுதுவது. கைதியை அடித்துத் துவைப்பது. ஆயுதமே இல்லாத 19 வயதுப் பையன் ஒருவனைப் பெரெஸும் கூட்டாளியும் சுட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழக்க வைத்து, அவன்தான் எங்களைத் தாக்கினான் என்று கோர்ட்டில் சாட்சியும் சொல்லி 23 வருடம் உள்ளே தள்ளியிருந்தார்கள். அந்தப் பையனுக்கு 2000இல் நகரம் கொடுத்த நஷ்ட ஈடு 1.5 கோடி டாலர். நூற்றுக்கும் மேற்பட்ட தண்டனைகள் ரத்தாயின. மொத்த நஷ்ட ஈடு ஏறக்குறைய 12.5 கோடி டாலர். மத்திய நீதித் துறை உள்ளே புகுந்து, இனி உங்கள் போலீஸை நாங்கள் மேற்பார்வை செய்வோம் என்று எழுதி வாங்கியது.

இதெல்லாம் நிரூபணமானது. இதற்கு அடுத்த படிதான் நிரூபணமாகாதது. ரஸ்ஸல் பூல் சொன்னது இது: ஷுக் நைட் ஏவினார், மேக் ஏற்பாடு செய்தார், மேக்கின் சிநேகிதர் ஒருவர் பிக்கியைச் சுட்டார். மேக் மறுத்தார். அந்தச் சிநேகிதரும் மறுத்தார். யார் மீதும் வழக்கு இல்லை. தான் எழுதிய நீண்ட அறிக்கையை மேலிடம் இரண்டு பக்கமாக வெட்டச் சொன்னது, மேக்கைத் தொடர விடவில்லை என்பது பூலின் புகார். 1999இல் வேலையை விட்டார். துறை மீது வழக்குப் போட்டார். அது நிற்கவில்லை.

இந்த இடத்தில்தான் வொலெட்டா அம்மாள் உள்ளே வருகிறார். 2002இல், என் பிள்ளை சாவில் உங்கள் போலீஸ்காரர்களுக்குப் பங்கிருக்கிறது என்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மேல் மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2005 ஜூனில் விசாரணை. பூலின் தரப்புக்கு ஆரம்பமே சரியில்லை. முக்கியமான துப்பு கொடுத்த ஆசாமி ஒருவர், நான் சொன்னதெல்லாம் கேள்வி ஞானம் என்று பத்திரிகையில் பல்டி அடித்துவிட்டார். நகரத்து வக்கீல்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் அந்த மேஜை டிராயர் திறந்தது.

கேஸை விசாரித்த துப்பறியும் அதிகாரியின் மேஜையில் ஏராளமான காகிதங்கள் இருந்தன. சிறையில் பெரெஸோடு இருந்த ஒருவர் கொடுத்த தகவல்கள். தனக்கும் மேக்குக்கும் டெத் ரோவோடு இருந்த சம்பந்தம், பிக்கி கொலையான இரவு ஆகியவை பற்றிப் பெரெஸ் தன்னிடம் பேசியதாக அவர் சொன்னது. சட்டப்படி எதிர்த்தரப்புக்குக் கொடுத்தே தீர வேண்டியவை. கொடுக்கவில்லை. கேட்டால், மறந்துவிட்டேன் என்றார் அதிகாரி. நீதிபதி ஃபுளோரன்ஸ் மேரி கூப்பர் நம்பவில்லை. வேண்டுமென்றே மறைத்திருக்கிறீர்கள் என்று சொல்லி, நடந்தவரை விசாரணை செல்லாது என்று ரத்து செய்தார். அந்த அம்மாளின் வக்கீல் செலவுக்காக நகரம் 11 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2006 ஜனவரியில் உத்தரவிட்டார்.

2005 ஜூலையில் நான் ஒரு நாளிதழில் ராத்திரி டெஸ்க்கில் இருந்தேன். ஏஜென்சி செய்தி வந்தது. தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்ற சீனியர், "யாருப்பா இது? நம்ம ஆளா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப எதுக்கு?" என்றபடி நகர்ந்துவிட்டார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஆறாம் பக்கத்தில் அதற்கு இடமும் இல்லை. ஆனால் அந்தத் தாளை நான் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். டிராயர் என்ற சொல்லுக்காக. அனாமத்துக் கணக்கு இருக்கும் இடம் அதுதானே? கணக்குப்பிள்ளைக்குத் தெரியாமல் அங்கே எதுவும் போவதில்லை.

அப்படியானால் பூல் சொன்னதுதான் சரியா?

அதுதான் இல்லை. மேலே கேளுங்கள்.

திரும்பவும் வழக்கு வந்தால் எவ்வளவு கோடி தலையில் விடியுமோ என்ற பயத்தில், 2006இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் ஒரு தனிப்படை போட்டது. அதில் கிரெக் கேடிங் என்ற துப்பறிவாளர். அவர் குறி வைத்தது டுவேன் டேவிஸை. பட்டப்பெயர் கெஃபி டி. கிரிப்ஸ் கும்பலின் பெரிய தலை. வேகாஸ் ஹோட்டலில் மிதிபட்ட ஆண்டர்சனின் தாய்மாமன். அதைவிட முக்கியம், பிக்கி கொலையான இரவு அருங்காட்சியக விருந்தில் இருந்தவர். 2008இல் ஒரு போதைப் பொருள் விவகாரத்தைக் காட்டி அவரை உட்கார வைத்தார்கள். ஒரு பத்திரமும் நீட்டினார்கள். நீ இங்கே சொல்வதை உன் மேலேயே வழக்குப் போடப் பயன்படுத்த மாட்டோம் என்கிற உறுதிமொழி.

அவர் பேசினார். பிக்கி விஷயம் எனக்குத் தெரியாது என்றார். ஆனால் டூபாக்? அந்த வெள்ளை கேடிலாக்கின் முன்சீட்டில் நான்தான் இருந்தேன், துப்பாக்கி என் கையிலிருந்து பின்சீட்டுக்குப் போயிற்று, சுட்டது என் மருமகன் ஆர்லாண்டோ என்றார்.

பத்திரத்தைப் பார்த்தார்கள். பயன்படுத்த முடியாது. அது வேறு மாநிலத்துக் கேஸும்கூட. வணக்கம் சொல்லி அனுப்பி வைத்தார்கள். கேடிங் வேறொரு புகாரில் தனிப்படையிலிருந்து நகர்த்தப்பட்டார். புகார் நிற்கவில்லை, தனிப்படையும் நிற்கவில்லை. அவர் ஓய்வு பெற்று 2011இல் புத்தகம் எழுதினார். அவர் முடிவின்படி பிக்கியைக் கொன்றது போலீஸ்காரர் யாரும் இல்லை. டூபாக்குக்குப் பழிவாங்க ஷுக் நைட் தரப்பு ஏவிய ஒரு பிளட்ஸ் ஆள். அந்த ஆள் 2003இலேயே சுடப்பட்டுச் செத்தாயிற்று. ஷுக் நைட் இதையும் மறுத்தார். அவர் 2018 முதல் வேறொரு மரணத்துக்காக 28 வருடத் தண்டனையில் இருக்கிறார்.

என்னைக் கேட்டால், கேடிங்கின் கதை பூலின் கதையைவிட நன்றாகவே பொருந்துகிறது. வங்கிக் கொள்ளைக்காரப் போலீஸ், கறுப்பு இம்பாலா, சுவரில் டூபாக் படம் எல்லாம் கேட்கச் சுவாரஸ்யம். ஆனால் அந்தக் காலத்தில் அந்த ஊரில் கறுப்பு இம்பாலாவும் டூபாக் படமும் வைத்திருந்தவர்களைக் கொலைகாரர்கள் என்றால் பாதி நகரத்தைப் பிடிக்க வேண்டும். ஆனாலும் கேடிங்கின் முடிவை மனசார ஏற்கவும் முடியவில்லை. ஏன் என்றால், அது வந்த வீடு அப்படி. கம்பெனி தன் கணக்கைத் தானே ஆடிட் செய்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று தானே சான்றிதழ் கொடுத்தால் எந்த ஷேர்ஹோல்டர் நம்புவார்? அதுவும் போன வருஷ ஆடிட்டில் டிராயரில் வவுச்சரை ஒளித்து வைத்து அகப்பட்ட கம்பெனி!

போலீஸ் பிக்கியைக் கொன்றதா என்பது நிரூபணமாகவில்லை. ஒருவேளை அவர்களுக்குச் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் சம்பந்தமில்லை என்பதை நிரூபிக்கும் யோக்கியதையை ராம்பார்ட்டிலும் அந்த டிராயரிலும் தொலைத்துவிட்டார்கள். இப்போது உண்மையைச் சொன்னாலும் யாரும் நம்பத் தயாராக இல்லை. கள்ள நோட்டு அடித்த கையிலிருந்து நல்ல நோட்டு வந்தாலும் வெளிச்சத்தில் தூக்கித்தானே பார்ப்பார்கள்?

நம் ஆட்களும் சும்மா இல்லை. 2008 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ், 1994 சம்பவத்தைப் பற்றி எஃப்.பி.ஐ. ஆவணம் கிடைத்தது என்று பரபரப்பாக ஒரு கட்டுரை போட்டது. ஆவணம் சிறைக் கைதி ஒருவன் தட்டச்சு செய்த போலி. ஒரு இணையத்தளம் எழுத்துரு முதற்கொண்டு காட்டி மானத்தை வாங்கியது. பத்திரிகை மன்னிப்புக் கேட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. போலீஸின் உண்மையான காகிதம் டிராயருக்குள், போலிக் காகிதம் பத்திரிகையில். இந்த லட்சணத்தில் வாசகன் எதை நம்புவான்?

கெஃபி டி கதைக்குத் திரும்புவோம். பத்திரம் கையில் இருக்கிற தைரியமோ என்னவோ, ஆசாமி 2018இல் டி.வி. கேமரா முன்னால் பேசினார். 2019இல் சுயசரிதையே போட்டார். கேடிலாக், முன்சீட்டு, துப்பாக்கி எல்லாம் அச்சில். போலீஸ் அறைக்குள் சொன்னதற்குத்தான் பத்திரம். புத்தகக் கடையில் விற்றதற்கு ஏது? வேகாஸ் போலீஸ் 2023 ஜூலையில் வீட்டைச் சோதனை போட்டு, செப்டம்பர் 29 அன்று கைது செய்தது. கொலை நடந்து 27 வருடம். அந்தக் காரில் இருந்த நான்கு பேரில் உயிரோடு மிச்சம் அவர் ஒருவர்தான்.

அவரோ கோர்ட்டில் நான் குற்றவாளி இல்லை என்கிறார். பணத்துக்காக அடித்துவிட்ட கதைகள் அவை என்பது வக்கீல் வாதம். விசாரணைத் தேதி பல தடவை தள்ளிப் போயிற்று. உண்மையைச் சொன்னபோது பயன்படுத்த முடியவில்லை, பயன்படுத்த முடிகிறபோது பொய் என்கிறார். இரண்டில் எது உண்மை என்று சொல்ல வேண்டியவர்கள் ஜூரிகள். எனக்கு அதில் அவசரம் ஏதுமில்லை. ஆனால் 1996இல் வேகாஸ் போலீஸ் கையில் லாபி வீடியோ இருந்தது, மிதிபட்டவனின் பெயர் இருந்தது, அடையாளம் காட்டலாம் என்று சொன்ன ஒரு பையன் இரண்டு மாதம் உயிரோடு இருந்தான். இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

அஃபெனி ஷகூர் 2016 மே மாதம் இறந்தார். மகன் கொலையில் ஒரு கைதைக்கூடப் பார்க்கவில்லை.

ரஸ்ஸல் பூல் அதற்கு முன்பே போய்விட்டார். வேலையை விட்டுப் பதினாறு வருடம் ஆன பிறகும் அந்தக் காகிதக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். 2015 ஆகஸ்டில் ஒரு நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்தின் கொலைப் பிரிவுக்குப் போய், இந்த வழக்கைப் பற்றி அதிகாரிகளிடம் பேசிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பு வந்து விழுந்தார். அவர் முடிவு தப்பாகவே இருக்கட்டும். அந்தத் துறையில் இந்தக் கேஸுக்காகத் தூக்கம் கெட்ட ஆட்களின் பட்டியல் எடுத்தால் விரல்கள் மிச்சமாகும். அதில் முதல் பெயர் அவருடையது.

வொலெட்டா வாலஸ் வழக்கைத் திரும்பப் போட்டு, மேலும் சில வருடம் நடத்தி, 2010இல் அது முடித்துவைக்கப்பட்டது. யார் செய்தது என்று எனக்குத் தெரியும், போலீஸுக்கும் தெரியும் என்பது அவருடைய நிலைபாடாகக் கடைசிவரை இருந்தது.  மகனின் பெயரில் அறக்கட்டளை நடத்தினார். ராப் பாட்டு விழா மேடைகளில் பாலர் பள்ளி ஆசிரியையின் அதே நறுவிசான உடையோடு ஏறி, மகனுக்கான விருதுகளை வாங்கிக்கொண்டு இறங்கினார். 2025 பிப்ரவரி 21 அன்று இறந்தபோது வயது 78. மகன் இறந்து 28 வருடம் முடியப் பதினாறு நாள் பாக்கி.

பிக்கி கொலை வழக்கில் இதுவரை ஒருவர்கூடக் கைதாகவில்லை.